தகுதியுள்ளவர் எவருமில்லை

அன்று காலை ஆற்றிலிருந்து வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அவள் கையில் நீர்நாய் எச்சத்தின் வாடை போகவில்லை. அந்தக் கையால்தான் மேசைமேல் கிடந்த செய்திமடலைப் புரட்டினாள். வனவிலங்கு ஆய்வு மண்டல அலுவலகத்தின் மாதச் செய்திமடல் அது, மொத்தம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் மண்டலத் தலைவரின் படமும் அவர் கலந்துகொண்ட கூட்டங்களும் வரும். நடுவில் செய்திகள் இருக்கும். கடைசிப் பக்கத்தில் 'பயிற்சிகளும் வாய்ப்புகளும்'.

இந்த மாதம் அந்தப் பக்கத்தில் ஒரே ஓர் அறிவிப்பு. எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, எந்த எச்சம் எந்த விலங்கினுடையது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி. பத்து வாரம். தங்கும் இடமும் சாப்பாடும் பயிற்சி நிலையத்தின் பொறுப்பு. விண்ணப்பிக்கக் கடைசி நாள் முந்தாநாள்.

"இந்த மாசம் யாரு போய்ச் சேர்ந்தாங்க?" என்று எதிர் மேசையிலிருந்து கொக்கு கேட்டான். அவன் பறவைகளை ஆராயும் பறவைக்காரன். ஆள் ஒல்லி, கழுத்து நீளம், அதனால் அந்தப் பெயர். செய்திமடலின் கடைசிப் பக்கத்துக்கு இரங்கல் பக்கம் என்று பெயர் வைத்தவன் அவன்தான். அதில் வரும் வாய்ப்பெல்லாம் செத்த பிறகுதான் வருகிறது என்பான்.

வழக்கமாக அவள் சிரிப்பாள். அன்று சிரிக்க முடியவில்லை.

அலுவலகத்தின் பின்னறையில் ஒரு பெரிய உறைபெட்டி இருக்கிறது. அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு சிறு புட்டிகள். ஆறு வருடமாக விடியற்காலையில் முழங்கால் தண்ணீரில் நடந்து, பாறை பாறையாக ஏறி, புது எச்சமாகப் பார்த்து எடுத்து, எரிசாராயத்தில் போட்டு, தேதியும் இடமும் எழுதி அவள் சேர்த்து வைத்தவை. அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்த மண்டலத்தில் இல்லை. ஆற்றில் எத்தனை நீர்நாய் இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து யார் கேட்டாலும், "இருபதுக்கு மேல, அறுபதுக்குள்ள" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். போன வருடம் மேலாற்றில் நான்கு கிலோமீட்டருக்குக் கல் உடைக்க அனுமதி கொடுத்தபோது, 'விலங்குகளின் எண்ணிக்கை உறுதியாகத் தெரியவராத நிலையில்' என்று ஆணையிலேயே எழுதினார்கள். அந்த நான்கு கிலோமீட்டரில் குட்டி போட்ட பொந்துகள் ஐந்து இருந்தன. இப்போது அங்கே பொந்தும் இல்லை, பாறையும் இல்லை.

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"ரெண்டு நாள்தானே தாண்டியிருக்கு. கெஞ்சிப் பாக்கறேன்."

"கெஞ்சு. கொடுத்தா எனக்கும் ஒரு சீட்டு கேளு" என்றான் கொக்கு.

பயிற்சி நிலையத்தில் ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண். குரலில் அவசரமில்லை. எந்த மண்டலம் என்று கேட்டார். சொன்னதும் சற்று நேரம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்க மண்டலத்துலேருந்து பதில் வந்துடுச்சே மேடம்."

"என்ன பதில்?"

"தகுதியுள்ளவர் எவருமில்லைன்னு. உங்க தலைவர் கையெழுத்துப் போட்டிருக்கார். ரெண்டு மாசம் முன்னாடியே வந்துடுச்சு."

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் படித்தார். பிறகு, தானாகவே குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நானும் யோசிச்சேன் மேடம். வருஷா வருஷம் உங்க மண்டலத்துக்குன்னு ஒரு இடம் ஒதுக்கி வைக்கிறோம். மூணு வருஷமா இதே பதில்தான். வார்த்தைகூட மாறல, தேதிதான் மாறுது. அவ்வளவு பெரிய மண்டலத்துல ஒருத்தர்கூடவா இல்லன்னு நாங்க பேசிக்குவோம்."

"அந்த மூணு கடிதத்தையும் எனக்கு அனுப்ப முடியுமா?"

"அனுப்பறேன். ஆனா ஒண்ணு. இந்த வருஷம் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியலை மூடறோம். உங்க தலைவர் இந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கினா நான் உங்க பேரைச் சேத்துடுவேன். அவர் எழுதித் தராம என் கையில ஒண்ணுமில்ல."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

கடிதங்கள் பத்து நிமிடத்தில் மின்னஞ்சலில் வந்தன. ஒவ்வொன்றும் மூன்று வரி. அவள் அச்செடுத்துக் கொக்கின் மேசையில் வைத்தாள். அவன் படித்தான். காதுமடல் சிவந்தது.

"எவருமில்லைன்னா நானும் இல்லைதானே" என்றான் கடைசியில்.

"நீயும்தான். வௌவால் பொண்ணும்தான். மீன்காரரும்தான். தலைவரைத் தவிர இங்க ஆராய்ச்சி பண்ற எல்லாரும்."

தலைவரின் அறை மாடியில் இருந்தது. ஒரு காலத்தில் தவளைகளைப் பற்றி நல்ல கட்டுரைகள் எழுதியவர். இப்போது தவளைப் படங்கள் சுவரில் மட்டும் இருந்தன. கெட்ட வார்த்தை பேசமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். யார் வந்தாலும் உட்காரச் சொல்லி டீ வரவழைப்பார். ஒன்பது வருடமாக அவளை அவர் புகழாத கூட்டம் கிடையாது. 'நீ இல்லாம இந்த ஆபீஸ் ஓடாதும்மா' என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. அதை நினைத்ததும் படியேறும்போதே அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கடிதங்களை மேசைமேல் வைத்தாள். அவர் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். மறுப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் மறுக்கவில்லை.

"உட்காரும்மா. டீ சொல்லவா?"

"வேண்டாம் சார். எனக்குத் தகுதி இல்லையா?"

"யாரு சொன்னா? உன்னை மாதிரி ஆள் இந்த நாலு மண்டலத்துல கிடையாது. அதனாலதான் எழுதினேன். நீ பத்து வாரம் போயிட்டா கணக்கெடுப்பு என்ன ஆகும்? யாரு விடியக்காலையில தண்ணியில இறங்குவா? வேற மண்டலங்கள்லேருந்து அந்தப் பயிற்சிக்குப் போனவங்க எத்தனை பேர் திரும்பி வந்திருக்காங்க தெரியுமா? வேற வேலை கிடைச்சு அப்படியே போயிடறாங்க. ஆபீசை நான்தானே பாக்கணும்."

"அப்ப அனுப்ப முடியாதுன்னு எழுதியிருக்கலாமே. தகுதி இல்லைன்னு ஏன் எழுதணும்?"

"அனுப்ப முடியாதுன்னா மேலிடம் ஏன்னு கேக்கும். இதுன்னா கேக்காது. வெறும் ஆபீஸ் பாஷைம்மா அது. அதைப் போய் மனசுல வெச்சுக்கிட்டு."

"செய்திமடல்ல தேதி முடிஞ்ச பிறகு போடறதும் ஆபீஸ் பாஷையா சார்?"

அவர் பேனாவின் மூடியைத் திருகினார். பிறகு, ஆறுதல் சொல்பவர் போல, முன்னால் சாய்ந்து சொன்னார்:

"உன் நல்லதுக்கும்தான் பாத்தேன். உன் வீட்டுக்காரரே என்கிட்ட சொன்னாரே, அவளை எங்கயும் அனுப்பிடாதீங்க சார்னு. குடும்பத்துல குழப்பம் பண்ணக்கூடாதுன்னுதான் நான் உன்கிட்ட இதைப் பத்திப் பேச்சே எடுக்கல."

அவள் கடிதங்களை எடுத்துக்கொண்டு இறங்கி, நேரே வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவருக்குத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அவள் போனபோது தரையில் பழைய துணியை விரித்து, ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். பதினொரு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளை அளவு வாரியாகக் கிண்ணங்களில் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொஞ்சம் உள்ளே போ கண்ணு" என்றாள் மகளிடம்.

"ஏம்மா?"

"அப்பாகிட்ட சண்டை போடணும்."

மகள் இருவரையும் பார்த்தாள். கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவையும் சாத்தினாள்.

"என்னை எங்கயும் அனுப்பாதீங்கன்னு எங்க தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். பொய் சொல்ல வராத மனுஷன். முகம்தான் முதலில் பதில் சொன்னது.

"எப்ப சொன்னீங்க?"

"குழந்தைக்குக் கால் ஆபரேஷன் நடந்துச்சே, அப்ப. அவர் ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தார். நீ மருந்து வாங்கப் போயிருந்த. ஏதோ பயிற்சி வருது, உன்னை அனுப்பலாம்னு இருக்கேன்னார். இந்த நேரத்துல வேண்டாம் சார்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"இந்த நேரத்துலன்னு சொன்னீங்களா, எங்கயும்னு சொன்னீங்களா?"

"இந்த நேரத்துலன்னுதான்." அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. "மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் நான் அவரைப் பாக்கவே இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்ப நீ இருந்த நிலைமையில..."

"என் நிலைமை எனக்குத் தெரியாதா? நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். குழந்தை கட்டிலோட கிடக்கும்போது நான் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பியிருப்பேனா? வேண்டாம்னு சொல்றதுக்காவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு என் பிழைப்பைப் பேசி முடிச்சிட்டீங்க. நீங்க ஒரு வருஷத்துக்குச் சொன்னீங்க, அவர் அதை ஆயுசுக்கும் எடுத்துக்கிட்டார்."

"தப்புதான்."

"தப்புதான்னு சொன்னா முடிஞ்சிடுச்சா?"

நாளைக்கே வந்து தலைவரிடம் பேசவா என்று அவர் கேட்டார்.

"நீங்க பேசினதே போதும்" என்றாள்.

மறுநாள் புதன்கிழமை. மாதாந்திரக் கூட்டம். மாடியில் நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். குறிப்பு எழுதும் முறை அன்றைக்குக் கொக்கினுடையது. தலைவர் செய்திமடலைக் கையில் எடுத்து, நம் மண்டலத்தின் சாதனைகள் என்று தொடங்கினார். கடைசிப் பக்கத்துக்கு வராமலே மடித்து வைத்தார்.

"நாலாம் பக்கம் பாக்கி இருக்கு சார்" என்றாள் அவள். எழுந்து நின்று மூன்று கடிதங்களையும் தேதியோடு வாசித்தாள். ஒவ்வொன்றிலும் அதே வரி. மூன்றாவது தடவை 'தகுதியுள்ளவர் எவருமில்லை' என்று வாசித்தபோது வௌவால்களை ஆராயும் பெண் வாயைத் திறந்தபடி தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது அவளுக்கு. எல்லா விண்ணப்பமும் தன் தாமதத்தால்தான் தவறுகிறது என்று நம்பி, மேசைக்கு மேலே சுவரில் பெரிய நாட்காட்டி ஒன்று மாட்டி வைத்திருந்தவள்.

"இது கூட்டத்துல பேசற விஷயமில்ல" என்றார் தலைவர். கொக்கின் பக்கம் திரும்பி, "அதைக் குறிப்புல எழுத வேண்டாம்" என்றார்.

கொக்கின் பேனா நின்றது. அவனுக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வரவேண்டும், அதற்குத் தலைவர் கையெழுத்து வேண்டும். அது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல இருக்கும்.

"எழுதிட்டேன் சார்" என்றான் கொக்கு. "எழுத வேண்டாம்னு நீங்க சொன்னதையும் சேத்து எழுதிட்டேன்."

மீன்களை ஆராயும் மீன்காரர்தான் அங்கே மூத்தவர். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். கூட்டங்களில் அரைக்கண் மூடி உட்கார்ந்திருப்பார், தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைப்பார்கள்.

"முப்பத்தோரு வருஷம் சார்" என்றார் அவர். "ரெண்டு புது மீன் கண்டுபிடிச்சிருக்கேன். எனக்கும் தகுதி இல்லைன்னா எழுதினீங்க?"

"உங்களை மனசுல வெச்சு எழுதல அண்ணே."

"யாரையுமே மனசுல வெச்சு எழுதல. அதான் பிரச்சனை."

கூட்டம் அதோடு கலைந்தது. குறிப்பு மேலிடத்துக்குப் போனது. வியாழக்கிழமை மதியம் மேலிடத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அவளை அழைத்து, விஷயம் கவனத்துக்கு வந்திருக்கிறது, உரிய நேரத்தில் பார்க்கப்படும் என்றார். எப்போது என்று கேட்டாள். உரிய நேரத்தில் என்றார் மறுபடியும். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வேண்டும் என்றாள். அது உங்கள் மண்டலத் தலைவரின் அதிகாரம், நாங்கள் தலையிட முடியாது என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் தலைவர் அறைக்குள் போய், எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடிதம் வேணும் சார்."

"பாக்கலாம். திங்கட்கிழமை வா."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடறாங்க."

"அடுத்த வருஷம் நானே உன் பேரை அனுப்பறேன். சத்தியமா."

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் கோப்புகளைப் பார்த்தார், தொலைபேசியில் பேசினார். பதினொன்றரைக்குக் கட்டுமானக்காரர் ஒருவர் வந்தார். வெளியே இருக்கச் சொல்லி அவளுக்குத் தலைவர் கண்ணைக் காட்டினார். அவள் அசையவில்லை. வந்தவர் நின்றபடியே பேசிவிட்டுப் போனார். ஒரு மணிக்குத் தலைவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தார்.

"இது என்னம்மா பிடிவாதம்? எத்தனை நேரம் இப்படி உட்கார்ந்திருப்ப?"

"வருஷத்துல இருநூறு நாள் நாலு மணி நேரம் தண்ணியில நிக்கிறவ சார் நான். இது நாற்காலி."

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? எல்லா மேடையிலயும் உன்னைத்தானே உயர்த்திப் பேசினேன்?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போன வருஷம் மேலாத்துல கல் உடைக்க அனுமதி கொடுத்தாங்களே, எதை வெச்சுக் கொடுத்தாங்க? எண்ணிக்கை தெரியலன்னு. எண்ணிக்கை இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கு சார், கீழே பின்னறையில, நானூத்திப் பன்னெண்டு புட்டியில. படிக்கத் தெரிஞ்ச ஆள்தான் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி என்னை அனுப்பியிருந்தா நான் அந்தக் கூட்டத்துல எண்ணிக்கையைச் சொல்லியிருப்பேன். வெடி வெச்ச அன்னைக்கு நான் அங்கதான் நின்னேன். நீங்களும் கார்ல வந்தீங்க. என் தோள்ல தட்டி, நம்ம கையில என்னம்மா இருக்குன்னு கேட்டீங்க. உங்க கையிலதான் சார் இருந்தது. மூணு வரிக் கடிதம்."

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தவளைப் படங்களுக்குக் கீழே அவர் கழுத்து வியர்த்திருந்தது. அவருக்கு அது முன்பே தெரியுமா, அப்போதுதான் உறைத்ததா என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் அவளுக்கு விருப்பமில்லை.

மூன்றேகாலுக்கு அவர் விசைப்பலகையை இழுத்தார். தட்டச்சருக்குச் சொல்லி அனுப்பவில்லை. வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அவள் எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். முந்தைய கடிதங்கள் திரும்பப் பெறப்படுகின்றன, இம்மண்டலத்தில் தகுதியுள்ளவர் ஒருவர் உண்டு என்று இருந்தது.

"ஒருவர் இல்ல சார்."

"உன் பேரைத்தான் போடறேனே."

"விண்ணப்பம் ஒரு ஆளுக்கு. தகுதி எல்லாருக்கும் இருக்கு. நீங்க எவருமில்லைன்னு எழுதினது எங்க எல்லாரையும். நான், கொக்கு, மீன்காரர், வௌவால் பொண்ணு. நாலு பேர்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எதிர்த்த எதிர்ப்பு, முழுக் கடிதத்துக்கும் எதிர்த்ததைவிட அதிகம். மணி நாலைத் தாண்டியது. பிறகு 'ஒருவர்' என்பதை அழித்து 'நால்வர்' என்று அடித்தார். கையெழுத்துப் போட்டார். அவள் அங்கேயே நின்று அது மின்னஞ்சலில் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

இடம் கிடைத்தது. ஒருங்கிணைப்பாளர் கேட்டபடி நான்கு பேருடைய சொந்த மின்னஞ்சல் முகவரியையும் அவள் அனுப்பினாள். அது முதல் அறிவிப்புகள் மாடிக்குப் போகாமல் நேராக அவர்களுக்கே வரத் தொடங்கின. மேலிடம் தலைவரிடம் விளக்கம் கேட்டது. நிர்வாகக் காரணம் என்று அவர் எழுதினார். ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதச் செய்திமடலில், தலைவரின் இடைவிடாத ஊக்கத்தால் நம் மண்டலத்திலிருந்து முதன்முறையாக ஒருவர் பயிற்சிக்குத் தேர்வு என்று அவர் படத்தோடு முதல் பக்கத்தில் வந்தது. அவள் அதைக் கிழிக்கவில்லை. மூன்று கடிதங்களின் நகலையும் அதனோடு சேர்த்துப் பின் அடித்து, அலுவலக அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் மாட்டிப் பூட்டினாள். சாவி கொக்கிடம் இருந்தது. தொலைந்துவிட்டது என்று அவன் எல்லோரிடமும் சொன்னான்.

கிளம்பும் நாளில் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்தார். இடைப்பட்ட வாரங்களில் அவர் சமைக்கப் பழகினார், மகளின் பள்ளிக் கூட்டத்துக்குத் தானே போனார். அவள் அவரிடம் தேவையானதை மட்டும் பேசினாள். மகள் நடுவில் நடந்தாள், இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு.

பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் கீழே நின்றார்.

"இன்னும் கோபமாத்தான் இருக்கியா?"

"ஆமா."

"சரி" என்றார். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

"குழந்தைக்குப் பண்றேன்" என்றாள்.

பேருந்து கிளம்பியது. மகள் கையை ஆட்டினாள். அவளும் ஆட்டினாள். மூலை திரும்பியதும் பையிலிருந்து பயிற்சியின் பாடத்திட்டத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.